நாளப் புடைப்பும் காலுறையும்



என் தந்தையாரின் தமக்கையார் ஒருவர் 34 ஆண்டுகள் பள்ளிக்கூட ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவ்வாண்டுகளின் பெரும் பகுதியைக் கரும்பலகைக்கு முன் நின்றே கழித்தவர். நாளடைவில் அவருடைய இரு கால்களிலும் நாளங்கள் புடைத்து, மரத்திற் கொடி சுற்றியதுபோல நெளிந்து கிடந்தன. மக்கள் இதனை நரம்புச் சுருட்டு என்பர். உண்மையில் இது நரம்பின் நோயன்று; இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு செல்லும் நாளத்தின் நோய். சில காலத்துக்கு முன் மாமி தம் வலது காலுக்கு லேசர்க் கதிரினாற் சிகிச்சை பெற்றார். சிகிச்சைக்கு ஒரு மணி நேரமும் ஆகவில்லை. முடிந்தபின் பாதத்திலிருந்து தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை ஒன்றை அணிவித்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவரைப் பார்க்கச் சென்றேன். பங்குனி மாதத்து வெயில். விசிறியின் கீழ் அமர்ந்திருந்த மாமி, நலம் விசாரிக்கவும் இடங் கொடாது என்னைக் கேட்டார்: "தம்பி, டொக்டர் ஒரு கிழமை போட்டாற் காணும் எண்டார். கட்டின நேர்ஸ் ஆறு கிழமை எண்டா. பக்கத்து வீட்டுப் பிள்ளை, இப்ப ஒண்டும் தேவையில்லையாம் எண்டு சொல்லுது. நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?"

அவ்வேளை எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, மூவரும் கூறிய மூன்று விடைகளுக்கும் வரலாற்றில் ஆதாரம் இருக்கக் கண்டேன். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்து வைத்தியத்திலிருந்து பிறந்தவை. காலம் மாறியபின்னும் பழைய விடைகள் மறைந்துபோகாமல், ஒரே வைத்தியசாலையின் வெவ்வேறு அறைகளில் உலவிக்கொண்டிருக்கின்றன. அவை எவ்வாறு பிறந்தன என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது பார்ப்போம். இருதயத்திலிருந்து காலுக்கு இறங்கும் இரத்தம் மீண்டும் மேலே ஏறவேண்டும். நிற்கும் மனிதனுக்கு அது செங்குத்தான ஏற்றம். அவ்வேற்றத்துக்கு இயற்கை இரண்டு உபாயங்களை அமைத்துள்ளது. ஒன்று கெண்டைக்காற் தசை. நாம் நடக்கும்போது அது சுருங்கி, உள்ளேயுள்ள நாளங்களைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகின்றது. மற்றொன்று நாளங்களின் உட்புறத்தில் இடையிடையே அமைந்த மெல்லிய கதவிதழ்கள். மேலே செல்லும் இரத்தத்துக்கு அவை திறந்து வழிவிடும். கீழே திரும்பினால் மூடிக்கொள்ளும். இக்கதவிதழ்கள் கெட்டுவிட்டால் இரத்தம் பின்னோக்கி வழிந்து தோலுக்கு அண்மையிலுள்ள நாளங்களில் தேங்கும். அவை வீங்கி வளையும். ஒருவர் அசையாமல் நிற்கும்போது கணுக்காலிலுள்ள நாளத்தின் அழுத்தம், இரசத்தின் உயரத்தால் அளந்தால், 80 முதல் 90 மில்லிமீற்றர் வரை இருக்கும். நடக்கத் தொடங்கினால், நலமான காலில் அது 30 மில்லிமீற்றருக்கும் கீழே இறங்கிவிடும். கதவிதழ் கெட்ட காலில் அவ்வாறு இறங்குவதில்லை. அதனாலேயே வீக்கமும், கடுப்பும், தோல் கறுத்தலும், நாட்பட்டால் கணுக்காலுக்கு மேலே ஆறாத புண்ணும் உண்டாகின்றன.

இந்நோயை மனிதன் மிகப் பழங் காலத்திலேயே கண்டிருக்கிறான். கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய வைத்தியச் சுவடி ஒன்று, இன்று ஏபர்ஸ் சுவடி என வழங்குவது, பாம்புபோல் நெளிந்த கால் வீக்கங்களைக் குறிப்பிட்டு, அவற்றிற் கத்தி வைக்கலாகாது என எச்சரிக்கின்றது. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், அக்குறோபொலிஸ் குன்றின் சாரலில், அமைனோஸ் என்னும் வைத்திய வீரனுக்கு ஒரு சிறு கோயில் இருந்தது. அங்கே கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஒருவர் நேர்த்திக்கடனாக வைத்த கல் இன்றும் அந்நகரின் தேசிய நூதனசாலையில் உள்ளது. ஆளளவுக்குப் பெரிய காலொன்றை ஒரு மனிதன் இரு கைகளாலும் பற்றி நிற்கின்றான். அக்காலின் உட்புறத்தில் ஒரு நாளம் நீளமாகப் புடைத்து ஓடுகின்றது. சிற்பி அதனை மிகுந்த கவனத்தோடு செதுக்கியிருக்கிறான். நம் கோயில்களிலே வெள்ளியிற் கண்மலரும் கைகால்களும் செய்து காணிக்கையிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அக்கல் அந்நியமாகத் தோன்றாது.

ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க வைத்திய நூல்களுள் புண்களைப் பற்றிய ஒன்று, காலிற் புண் உடையவர் நின்றுகொண்டிருப்பது தகாது எனக் கூறுகின்றது. இரத்த ஓட்டத்தின் வழி எவருக்கும் தெரியாத காலத்திற் கண்ணாற் கண்டு அறிந்த உண்மை அது.

கத்தி வைத்தாற் படும் வேதனை எத்தகையது என்பதை உரோமாபுரியின் சேனாபதி காயுஸ் மாரியசின் கதையால் அறியலாம். கி.மு. 157 முதல் 86 வரை வாழ்ந்தவர். ஏழு முறை கொன்சல் என்னும் உயர்பதவி வகித்தவர். அவருடைய இரு கால்களிலும் நாளங்கள் புடைத்திருந்தன. அவ்வலட்சணத்தைப் பொறாத மாரியஸ் வைத்தியரை அழைத்தார் என்று புளூட்டாக் எழுதுகின்றார். அக்காலத்தில் நோயாளரைப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டே அறுப்பது வழக்கம். மாரியஸ் கட்டுவதற்கு இடங்கொடுக்கவில்லை. முகஞ் சுளிக்காமல், வாய் திறவாமல் ஒரு காலை அறுக்கக் கொடுத்தார். வைத்தியர் மறு காலை எடுக்க முனைந்தபோது மாத்திரம் தடுத்துவிட்டார். அடையும் நன்மை படும் வேதனைக்கு ஈடாகவில்லை என்பது அவர் சொன்ன காரணம். யுத்த களத்தில் அஞ்சாத ஒருவரே இரண்டாவது காலுக்கு இணங்கவில்லையென்றால், சாதாரண மக்கள் எவ்வளவு ஒதுங்கி நின்றிருப்பர்!

மாரியசுக்கு ஒரு நூற்றாண்டின் பின்னர் எழுதிய உரோம ஆசிரியர் செல்சஸ், புடைத்த நாளத்தைச் சுடுகோலாற் சுடுவதையும் அறுத்து எடுப்பதையும் விவரிக்கின்றார். கி.பி. ஏழாம் நூற்றாண்டினரான ஏஜினா நகரத்துப் போல் நாளத்தை நூலாற் கட்டி வெட்டும் முறையைக் கூறுகின்றார். ஆனால், இவற்றுக்கு உடன்பட்டோர் சிலரே. பெரும்பாலோர்க்குக் கிடைத்தது துணிக்கட்டு ஒன்றுதான். சிகிச்சையின் பின்னர் அணிவது எனக் காலுறையை நாம் இன்று கருதுகின்றோம். நெடுங் காலம் கட்டே சிகிச்சையாயிருந்தது.

அக்கட்டின் வல்லமையைக் காட்டும் வரலாறு ஒன்று பிரெஞ்சு தேசத்து இரணவைத்தியர் அம்புருவாஸ் பாரே தம் பயணக் குறிப்புகளில் எழுதி வைத்தது. 1553 இல் ஏடான் என்னும் கோட்டை சக்கரவர்த்தி ஐந்தாம் சார்ள்சின் படைகளிடம் வீழ்ந்தது. உள்ளே இருந்த பாரே சிறைப்பட்டார். கீர்த்தி பெற்ற வைத்தியர் எனத் தெரிந்தால் மீட்சிப் பணம் பெருந்தொகையாகிவிடும் என்று அஞ்சி, தம் நல்லாடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கந்தலை அணிந்து, தாம் யார் என்பதை மறைக்க முயன்றார். கைத்திறமை அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. எதிரிப் படையைச் சேர்ந்த வோடவில் என்னும் பிரபுவுக்குக் காலில் ஆண்டுக்கணக்காக ஆறாத புண் ஒன்று இருந்தது. புண்ணைச் சுற்றிலும் நாளங்கள் புடைத்திருந்தன. புண்ணை ஆற்றினால் மீட்சிப் பணமின்றி விடுதலை என்று பிரபு வாக்களித்தார். பாரே புண்ணைச் சுத்தம் செய்து மருந்திட்டதோடு, பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றிக் காலை இறுகக் கட்டினார். கட்டியபின் படுக்கையில் இருக்கச் செய்தார். புண் ஆறத் தொடங்கிற்று. பாரே விடுதலை பெற்றார்.

இங்கே நேயர்கள் ஒரு சிறு விவரத்தைக் கவனிக்க வேண்டும். பாதத்திலிருந்து மேல்நோக்கி என்பதே அவ்விவரம். கட்டு மேலே இறுகிக் கீழே தளர்ந்திருந்தால் இரத்தம் இன்னும் கீழேயே தேங்கும். நன்மைக்குப் பதில் தீமையே விளையும். பாரே இதனை அனுபவத்தால் அறிந்திருந்தார். காரணம் வெளிப்படுவதற்கு இன்னும் முக்கால் நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது. 1603 இல் பதுவா நகரத்துப் பேராசிரியர் பப்றிசியஸ் நாளங்களின் கதவிதழ்களைப் படம் வரைந்து வெளியிட்டார். ஆயினும் இரத்தம் கீழ்நோக்கி வேகமாகப் பாய்ந்துவிடாமல் தணிப்பதற்கே அவை உள்ளன என்று அவர் எண்ணினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயர் வில்லியம் ஹாவி, 1628 இல் வெளியிட்ட நூலில், அவ்விதழ்கள் இரத்தத்தை இருதயத்தை நோக்கி மாத்திரமே செல்லவிடுகின்றன என்று நிறுவினார். முன்னங்கையைத் துணியாற் கட்டி, புடைத்த நாளத்தை விரலால் அழுத்தித் தடவிக் காட்டும் அவருடைய சோதனையை நீங்கள் வீட்டிலிருந்தவாறே செய்து பார்க்கலாம். ஆசிரியர் கண்ணாற் கண்டதன் பொருளை மாணவர் அறிந்துகொண்ட நிகழ்ச்சிகளுள் இது மிகச் சிறந்தது என்பது என் எண்ணம்.

துணிக்கட்டின் குறை, அது அவிழ்ந்துவிடும் என்பது. ஒவ்வொரு நாளும் பழகிய கை ஒன்று அதனைக் கட்டவேண்டும். இங்கிலாந்தின் இரண்டாம் சார்ள்ஸ் மன்னனுடைய இரணவைத்தியர் றிச்சட் வைஸ்மன் இதற்கு ஒரு வழி கண்டார். தோலினாற் காலுறை தைத்து, பக்கத்தில் துளையிட்டு, சப்பாத்துக்குக் கட்டுவதுபோல நாடாவினால் இழுத்துக் கட்டும்படி செய்தார். 1676 இல் வெளியான அவருடைய நூலில் அது விவரிக்கப்பட்டுள்ளது. இறுக்கத்தின் அளவு வைத்தியர் கையிலிருந்து நோயாளர் கைக்கு மாறியது அங்கேதான். அணிவதும் கழற்றுவதும் நோயாளர் விருப்பமாயின. மாமியின் கேள்வி பிறப்பதற்கும் அன்றுதான் வழி பிறந்தது எனலாம்.

தோற் காலுறை வளைந்து கொடாது. நம் நாட்டவர் நன்கறிந்த இறப்பர் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. பச்சை இறப்பர் குளிரில் விறைக்கும், வெப்பத்தில் ஒட்டும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதை அமெரிக்காவில் சார்ள்ஸ் குட்இயரும் இங்கிலாந்தில் தோமஸ் ஹான்கொக்கும் 1840களின் முற்பகுதியிற் காப்புரிமையாகப் பதிந்தனர். சில ஆண்டுகளுள், 1848 இல், வில்லியம் பிறவுன் என்னும் ஆங்கிலேயர் இறப்பர் இழை கொண்ட காலுறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து இறப்பர் முழுவதும் காட்டு மரங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. 1876 இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்ட வித்துக்களில் முளைத்த ஏறக்குறைய 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. களுத்துறையிலும் கேகாலையிலும் இரத்தினபுரியிலும் எழுந்த தோட்டங்களுக்கு அக்கன்றுகளே முன்னோடிகள். விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டியவர்களுள் எத்தனை பேர் கால் நாளம் புடைத்து வருந்தினர் என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. இறப்பர்க் காலுறை அவர்களை எட்டியிருக்குமென்று நினைப்பதற்கும் இல்லை.

இனிச் சிகிச்சையின் கதைக்கு வருவோம். மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்தபின் சத்திரசிகிச்சை மாரியஸ் காலத்துக் கொடுமையாக இருக்கவில்லை. 1890 அளவில் ஜேர்மன் தேசத்து திறெண்டெலென்பேர்க் தொடையில் நாளத்தைக் கட்டி, மேலிருந்து வழியும் இரத்தத்தைத் தடுத்தார். 1907 இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பாப்கொக், முனையிற் குமிழ் கொண்ட நீண்ட கம்பியை நாளத்துள் நுழைத்து, நாளம் முழுவதையும் ஒரே இழுப்பில் உருவி எடுக்கும் முறையை வெளியிட்டார். அம்முறை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலம் உலகெங்கும் நிலைத்தது. நாளத்தை உருவினால் அது கிடந்த இடத்தில் தொடையிலிருந்து கணுக்கால்வரை ஒரு சுரங்கம் எஞ்சும். அதனுள் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். கால் கன்றிக் கறுக்கும். ஆகவே சத்திரசிகிச்சை முடிந்தவுடன் காலை இறுகச் சுற்றிக் கட்டினார்கள். இங்கே கட்டின் வேலை கசிவை அடக்குவது. சில நாட்களில் முடிந்துவிடும் வேலை. எனினும் பல வைத்தியசாலைகளில் வாரக்கணக்கிற் காலுறை அணியும்படி சொல்வதே வழக்கமாயிற்று.

ஆறு கிழமை என்னும் கணக்கு வேறொரு வழியாக வந்தது. நாளத்தை அறுக்காமல் அதனுள் மருந்து செலுத்தி அடைத்துவிடும் முயற்சி 19ஆம் நூற்றாண்டின் நடுவில், ஊசிக்குழாய் தோன்றிய காலத்திலேயே தொடங்கிற்று. அன்று செலுத்திய இரும்பு உப்பு கடும் அழற்சியை விளைவித்ததால் அம்முறை பெரிதும் கைவிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் தீங்கு குறைந்த மருந்துகள் வந்தன. ஆயினும் அடைத்த நாளம் சில காலத்தில் மீண்டும் திறந்துகொண்டது. இதற்குக் காரணத்தை ஆராய்ந்தவர்களுள் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஜோர்ஜ் பீகன் முதன்மையானவர். இரத்தம் நிறைந்த நாளத்தில் மருந்து பாய்ச்சினால் உள்ளே இரத்தக்கட்டி உண்டாகும். அக்கட்டி கரையும்போது நாளம் திறக்கும். இரத்தத்தை வடித்து வெறுமையாக்கி, மருந்து செலுத்தி, வெளியிலிருந்து இடைவிடாது அழுத்தினால், இரு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டி வடுவாகிவிடும். இதுவே அவர் கருத்து. ஒட்டுவதற்குப் போதிய காலமென அவர் வகுத்தது ஆறு கிழமை. கட்டியவுடனே நோயாளரை எழுப்பி நடக்கச் செய்தார். நாள்தோறும் நடக்கவேண்டுமென வற்புறுத்தினார். 1963 இல் 'லான்செற்' வைத்திய ஏட்டில் அவர் இம்முறையை வெளியிட்டபின், ஆறு கிழமைக் கட்டு பல தேசங்களிலும் பரவிற்று.

மாமியின் தாதி சொன்ன ஆறு கிழமை இதுதான். டப்ளினில் ஊசிமருந்துக்காக வகுத்த காலம், ஊசிமருந்தே பெறாத காலுக்கும் விதியாகிவிட்டது.

அதே காலத்தில் காலுறையும் புது உருவம் பெற்றது. கொன்ராட் ஜோப்ஸ்ட் என்பவர் ஜேர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று ஒகாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் வாழ்ந்த பொறியியலாளர். நாளக் கோளாற்றினால் உண்டான காற் புண்ணால் நெடுநாள் வருந்தியவர். நீச்சற் குளத்தில் நிற்கும்போது மாத்திரம் கால்கள் இலேசாவதை உணர்ந்தார். பொறியியலாளர் அல்லவா, காரணத்தை உடனே கண்டுகொண்டார். நீரின் ஆழம் கூடக்கூட அதன் அழுத்தமும் கூடும். குளத்தில் நிற்பவருக்குக் கணுக்காலில் அழுத்தம் மிகுதி; மேலே செல்லச்செல்லக் குறைவு. நின்ற காலின் நாளத்துள்ளேயும் அழுத்தம் அவ்வாறே அமைந்திருக்கிறது. ஆகவே வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை எதிர்த்து நிற்கின்றது. நீரின் வேலையைத் துணியினாற் செய்ய முயன்று, கணுக்காலில் மிக இறுகி மேலே படிப்படியாகத் தளரும் காலுறையை 1950 அளவில் அவர் உருவாக்கினார். பாரே கையால் அறிந்ததும், ஹாவி சோதனையால் அறிந்ததும், ஜோப்ஸ்ட் குளத்தில் அறிந்ததும் ஒன்றே. 1958 இல் அமெரிக்காவில் ஆக்கப்பட்ட மீள்தன்மையுள்ள செயற்கை இழை வந்தபின், இத்தகைய காலுறையை மெல்லியதாகவும் நெய்ய முடிந்தது.

இவ்வளவு நடந்தும், எத்தனை நாள் என்னும் கேள்வியை முறையாகச் சோதித்துப் பார்க்க எவரும் விரையவில்லை. கட்டுவதால் நன்மை உண்டு என்று எல்லோரும் நம்பினர். நம்பியதை அளப்பது எதற்கு? அளக்கத் தொடங்கியபோது முதலில் வந்த செய்தி சங்கடமானது. கட்டும் துணிகளின் அழுத்தத்தைக் கருவியால் அளந்த பிரித்தானிய வைத்தியர்கள், நடமாடும் நோயாளரிடத்தில் சில மணி நேரத்துக்குள்ளேயே அவ்வழுத்தம் பெரிதும் தளர்ந்துவிடுவதை 1980 இல் வெளியிட்டனர். ஆறு கிழமை கட்டியிருந்தவர்கள் பலர், ஆறு கிழமையும் தளர்ந்த துணியையே சுமந்திருந்தார்கள் போலும். 1985 இல் மற்றொரு பிரித்தானிய ஆய்வு, ஊசிமருந்தின் பின் நீண்ட நாட் கட்டு தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தது.

இம்முடிவுகள் உடனே பரவவில்லை. வைத்தியசாலைகளில் அச்சிட்டு வைத்த அறிவுறுத்தற் தாள்கள் நெடுங் காலம் வாழும்.

2007 இல் இங்கிலாந்தில், நாளம் உருவப்பெற்றோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் ஒரு கிழமையும் மறு பிரிவினர் மூன்று கிழமையும் காலுறை அணியச் செய்தார்கள். மேலதிக இரு கிழமைகளால் நன்மை எதுவும் காணப்படவில்லை. 2010 இல் பிரான்சில் நுரைமருந்து செலுத்தப்பெற்ற 60 பேரை ஆராய்ந்தபோது, காலுறை அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை எங்கோ கேள்விப்பட்டது இத்தகைய ஆய்வாக இருக்கலாம். 2013 இல் பிரித்தானியாவின் வைத்தியத் தரநிலை நிறுவனம், இவ்வகைச் சிகிச்சையின் பின் கட்டோ காலுறையோ தருவதாயின் ஏழு நாட்களுக்கு மேல் வேண்டாம் என வழிகாட்டிற்று.

இனி லேசர்ச் சிகிச்சை. 1990களின் இறுதியில் அறிமுகமான இம்முறையில், மெல்லிய குழாய் ஒன்றை நாளத்துள் செலுத்தி, உள்ளிருந்தே சுவரைச் சுட்டு அடைக்கின்றார்கள். வானொலி அலையின் வெப்பத்தாற் சுடும் முறையும் அக்காலத்தே வந்தது. வானொலிக்கு இப்படியும் ஒரு தொழில் உண்டென்பதை நேயர்களுக்குச் சொல்லாமல் விட மனமில்லை. சுடுவதற்கு முன் நாளத்தைச் சுற்றிலும் குளிர்ந்த விறைப்பு மருந்து நீரை நிறைப்பார்கள். அந்நீரே நாளத்தை நெரித்து வெறுமையாக்கிவிடும். உருவுவதற்கு எதுவும் இல்லாதபடியால் சுரங்கமும் இல்லை. சுவரோடு சுவர் ஒட்டக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பாப்கொக்கின் காலத்துக் கட்டு செய்த வேலையும் பீகனின் கட்டு செய்த வேலையும் இரண்டும் இங்கே இல்லை. அவ்வாறாயின் காலுறை எதற்கு?

2013 இல் ஒல்லாந்தில் லேசர்ச் சிகிச்சை பெற்றோரிடையே இரண்டு நாட் காலுறையையும் ஏழு நாட் காலுறையையும் ஒப்பிட்டனர். முதற் கிழமையில் ஏழு நாள் அணிந்தோருக்கு நோவு குறைவாயும் நடமாட்டம் எளிதாயும் இருந்தன; அதன் பின்னர் இரு சாராரும் ஒன்றே. பின்னர் வெளியான இலண்டன் ஆய்வொன்று 206 பேரைக் கொண்டது. காலுறை அணிந்தோருக்கு இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை நோவு குறைந்திருந்தது. நாளம் அடைபட்டிருப்பதிலோ, வழமையான அலுவலுக்குத் திரும்பும் நாளிலோ வேறுபாடு இல்லை. ஆகவே காலுறை நாளத்தை அடைத்துத் தரவில்லை. சில நாள் நோவைத் தணிக்கின்றது. இது சிறு நன்மைதான். ஆனால், அந்நாட்களில் நோவைப் படுபவர் அதனைச் சிறிதென்று சொல்லமாட்டார்.

எனக்கு இதில் மனவருத்தம் தருவது ஒன்று உண்டு. ஆறு கிழமை அணியச் சொல்லப்பட்டு, வெக்கையில் தாங்கமாட்டாமல் பத்தாம் நாளே கழற்றி எறிந்துவிட்டு, பின்னர் நாளம் மீண்டும் புடைத்தபோது, "நான் காலுறையை ஒழுங்காகப் போடவில்லை, அதனால்தான்" என்று தம்மையே நொந்துகொண்டோர் எத்தனையோ பேர். கேட்ட வைத்தியரும் தலையசைத்திருப்பார். சோதித்தறியாத ஒரு கணக்கின் சுமை நோயாளரின் மனத்தில் ஏற்றப்பட்டிருந்தது.

இங்கே கூறியவை சிகிச்சையின் பின்னர் அணியும் காலுறையைப் பற்றியவை மாத்திரம். நாளக் கோளாற்றாற் காற் புண் ஏற்பட்டு ஆறியவர்களுக்கும், ஆழ்ந்த நாளங்களிற் கோளாறு உள்ளவர்களுக்கும் நீண்ட காலம் காலுறை வேண்டியிருக்கலாம். பாரே செய்த வேலையை அவர்களிடத்தில் அது இன்றும் செய்துவருகின்றது. அவர்கள் இப்பேச்சைக் கேட்டுவிட்டுக் காலுறையைக் கழற்றிவிடலாகாது. காலுக்கு இரத்தங் கொண்டு வரும் நாடி ஒடுங்கியவர்களுக்கோ, நீரிழிவும் புகைப்பழக்கமும் உள்ளவர்களிடையே அத்தகையோர் பலர், இறுகிய காலுறை ஆபத்தானது. அணியுமுன் கணுக்கால் நாடியின் அழுத்தத்தை வைத்தியர் அளந்து பார்ப்பது அதற்காகவே. கடையில் வாங்கும்போது இன்னொரு மயக்கமும் உண்டு. இரண்டாம் வகுப்பு என்று எழுதிய காலுறை ஜேர்மன் அளவையில் கணுக்காலுக்கு 23 முதல் 32 மில்லிமீற்றர் அழுத்தத்தையும், பிரித்தானிய அளவையில் 18 முதல் 24 மில்லிமீற்றரையும் குறிக்கும். எண்ணை மாத்திரம் பார்த்து வாங்கினால் நினைத்தது ஒன்று, காலில் ஏறுவது மற்றொன்றாகும்.

அணியும் முறைக்கும் ஒரு சொல். காலையிற் படுக்கையை விட்டு எழுமுன், கால் வீங்காத வேளையில் அணிவது எளிது. முழங்காலின் கீழோ தொடையிலோ மடிந்து சுருண்டு நின்றால் அவ்விடத்தில் அது கயிறுபோல் இறுகும். பாரே அஞ்சிய தீங்கு அதுதான். மடிப்பில்லாமல் இழுத்துவிடவேண்டும், மிஞ்சிய நீளத்தை மேலே மடித்துவிடலாகாது.

இவற்றையெல்லாம் படித்து முடித்து மாமியிடம் மறுபடி சென்றபோது ஐந்தாம் நாள். டொக்டர் சொன்ன ஒரு கிழமையே போதும் என்று சொன்னேன். தாதி சொன்னதற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னதற்கும் காரணம் விளக்கத் தொடங்கினேன். மாமி டப்ளின் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு நாட்காட்டியை எடுத்து, வருகிற வியாழக்கிழமைக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு கீறிவிட்டு, "மற்றக் காலை எப்ப செய்விக்கலாம் எண்டு கேட்டுச் சொல்லு" என்றார். இரண்டாவது காலுக்கு மாரியஸ் உடன்படவில்லை என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.